இருவரில் ஒருவர் தூங்குகிறார்

எங்கள் ஊர் சுடுகாட்டில் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங் பேசியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயந்தாங்கொள்ளிப் பயல் ஒருத்தன் எதையோ பார்த்துவிட்டு உளறுகிறான் என்று நினைத்துக்கொள்வீர்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன புதிதில் எங்கள் ஊரில் சிக்னல் ஒழுங்காகக் கிடைத்த ஒரே இடம் சுடுகாட்டுத் தகரக் கொட்டகைதான். எரிமேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, பெங்களூரில் இருக்கிற மேனேஜருக்குத் தலையாட்டிக்கொண்டிருப்பேன். பின்னால் என்ன சத்தம் என்று கேட்டால் மயில் சார் என்பேன். மயில்தான். வேறு எதுவும் அங்கே கத்தியதில்லை, எனக்கு எதுவும் தோன்றியதும் இல்லை. பேய் பார்த்தேன் என்று யாராவது ஆரம்பித்தால் எத்தனை ரவுண்டு போட்டீர்கள் என்று கேட்கிற ஆள் நான்.

இப்போது நீங்கள் என்னிடம் அதே கேள்வியைக் கேட்கலாம். நான் குடிப்பதில்லை. நடந்தது ராத்திரியில், ஆனால் வெளியே மண்டையைப் பிளக்கிற உச்சி வெயில். அதெப்படி என்று கேட்காதீர்கள், வருகிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் பாதை பிரிகிற ஒரு விலக்கில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் தங்கச்சி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் திருப்பூர் போய்விட்டார்கள். நிலத்தில் விதைக்க ஆள் இல்லை, கருவேல் மண்டிக் கிடக்கிறது. வீட்டில் நான், இரண்டு லேப்டாப், ஒரு இன்வெர்ட்டர். ஒரு நாள் முழுக்க வாயைத் திறக்காமலே போய்விடும், அப்புறம் பால்காரர் வரும்போது பேச எடுத்தால் குரல் கட்டியிருக்கும். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்காதீர்கள், அது தனிக் கதை, அதில் பேய் எல்லாம் இல்லை.

எனக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை என் அத்தை மகன். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் அவன் பேர் முத்துக்கருப்பன். அத்தை 'முத்து' என்று கூப்பிடுவார். நான் அவனை மாப்ளே என்பேன், அவனும் என்னை மாப்ளே என்பான். அருப்புக்கோட்டையை ஒட்டின பாளையம்பட்டியில் அத்தை சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். மாப்ளே ஏசி மெக்கானிக் வேலைக்கு அரபு நாட்டுக்குப் போனான். போனதிலிருந்து நாங்கள் சந்தித்துக்கொண்டதெல்லாம் ஒரு விளையாட்டுக்குள்ளேதான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விளையாடிப் பார்த்திருப்பீர்கள். சதுரம் சதுரமாக மண்ணை வெட்டி, கல்லை வெட்டி, அடுக்கி அடுக்கி வீடு கட்டுகிற விளையாட்டு. யாரும் யாரையும் ஜெயிக்க வேண்டியதில்லை. உலகம் முழுக்க உங்களுக்கு, கட்டிக்கொண்டே போகலாம், கட்டியது அப்படியே இருக்கும். நாங்கள் எங்கள் ஊர்க் கண்மாயைக் கட்டினோம். நிஜக் கண்மாயில் மாடு மேயும், கிரிக்கெட் விளையாடுவார்கள், மழைக்காலத்தில் அதிசயமாகத் தண்ணீர் நிற்கும். எங்கள் கண்மாயில் எப்போதும் கரை முட்டத் தண்ணீர். மாப்ளே ஷிஃப்ட் முடிந்து வந்து, ரூமில் மற்றவர்களெல்லாம் குறட்டை விடும்போது, கண்மாய்க்கு மடை கட்டினான். அவனுக்குத் தண்ணீர் விட்டு மாளாது. கரைமேல் ஒரு வீடு, வீட்டுக்குள் இரண்டு கட்டில், அவனுக்கு ஒன்று எனக்கு ஒன்று.

கட்டில் அலங்காரத்துக்கு இல்லை. அந்த உலகத்திலும் பொழுது சாயும், ராத்திரி வரும், ராத்திரியில் வேண்டாததெல்லாம் வெளியே வந்து நடமாடும். ராத்திரியைச் சட்டென்று கடத்த வேண்டுமென்றால் படுத்துத் தூங்க வேண்டும். ஆனால் அந்த உலகத்துக்குள் அப்போது எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் படுத்தால்தான் விடியும். ஒருத்தர் முழித்திருந்தாலும் விடியாது. நீங்கள் படுத்தவுடன் திரையில் எழுத்து வரும், இருவரில் ஒருவர் தூங்குகிறார் என்று. அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டு நான் கிடந்த கிடை கொஞ்சநஞ்சம் இல்லை. மாப்ளே படுக்கவே மாட்டான்.

"ஏலே, படுடா!"

"இந்தா வாரேன் மாப்ளே, இந்த ஒரு குழிய மட்டும் தோண்டிட்டு வாரேன்."

"போன குழிக்கும் இதத்தாண்டா சொன்ன."

"நீ தூங்கு மாப்ளே, ஒனக்கென்ன."

நான் தூங்கி என்ன புண்ணியம், அவன் படுக்காமல் விடியாதே. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒரு தடவைகூட முதல் தடவை சொன்னதும் அவன் படுத்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை, நெஞ்சு என்றார்கள். பெட்டியில் வந்தான். மதுரை ஏர்போர்ட்டுக்கு நான்தான் போனேன். வீட்டுக்குள் வைக்க முடியாத நிலைமை, வாசலிலேயே காட்டிவிட்டு நேராகக் கொண்டுபோய்விட்டோம்.

அதற்கப்புறமும் நான் அந்த உலகத்துக்குள் போய்க்கொண்டுதான் இருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். வேலை முடிந்ததும் போவேன், கண்மாய்க் கரையில் நிற்பேன், அவன் பாதியில் விட்ட குழியை எட்டிப் பார்ப்பேன். ராத்திரி வந்தால் படுப்பேன். உள்ளே நான் ஒருத்தன்தானே, படுத்தவுடன் விடிந்துவிடும். இருவர், ஒருவர் என்ற பேச்சே வராது. மாப்ளே இருந்தபோது விடியாத ராத்திரியெல்லாம் அவன் போனபிறகு பொசுக்குப் பொசுக்கென்று விடிந்தது. அது எனக்கு என்னமோ செய்தது, சொல்லத் தெரியவில்லை.

அந்த உலகம் இருந்தது வாடகை இடத்தில். இணையத்தில் இந்த மாதிரி விளையாட்டுகளுக்கு இடம் வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள், மாப்ளே அவன் கார்டில் எடுத்திருந்தான். கார்டு போனது, அவன் நம்பரும் போனது, புதுப்பிக்க வேண்டுமென்றால் செத்துப்போன அந்த நம்பருக்குத்தான் ஓடிபி போகும். பாஸ்வேர்டு மட்டும் என்னிடம் இருந்தது. மாதக் கடைசியோடு எல்லாவற்றையும் அழித்துவிடுவோம், வேண்டுமானால் இறக்கிக்கொள்ளுங்கள் என்று மெயில் வந்தது. அந்தக் கண்மாய் போனால் மாப்ளே இருந்ததற்கு அடையாளமாக எனக்கென்று வேறு எந்த இடமும் இல்லை. சரி, வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவோம் என்று முடிவு பண்ணினேன். மூலையில் திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று கிடந்தது, அதில் வைத்து நானே ஓட்டிக்கொள்ளலாம். இதுதான் என் பிழைப்பு, எனக்கு இது பெரிய வேலை இல்லை.

டவுனுக்குப் போனபோது அத்தையிடம் இதைச் சொல்லித் தொலைத்தேன். அவருக்கு அந்தக் கண்மாயைத் தெரியும், முன்னமே போனில் காட்டியிருக்கிறேன். அப்போது "இதுல அவன் எங்கன நிக்கான்?" என்று கேட்டார். நானும் சமாதானமாக இருக்கட்டுமே என்று, ஒவ்வொருத்தரும் கடைசியாக நின்ற இடத்தை அது எழுதி வைத்திருக்கும் அத்தே, அவன் கரைமேல்தான் நிற்கிறான், கண்ணுக்குத்தான் தெரியாது என்று சொல்லியிருந்தேன். அது பொய்யும் இல்லை, அந்த விளையாட்டு அப்படித்தான்.

கடையில் கூட்டமில்லை. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மருமகனே, அப்ப அவனையும் சேத்துத்தான கொண்டாருவ?"

"எல்லாம் ஒரே ஃபைலு அத்தே. சேந்துதான் வரும்."

"அப்படிச் சும்மா தூக்கிட்டு வந்துராதய்யா. நாங்க இந்த ஊருக்குப் பொழைக்க வந்தப்ப கொலசாமி கோயில்ல பிடிமண்ணு எடுத்தாந்துதான் இங்கன வச்சுக் கும்புட்டோம். எடுக்கயில சாமி பேரச் சொல்லிக் கூப்புட்டுத்தான் எடுக்கணும். சும்மா வா வான்னா அந்தக் காட்டுல கெடக்குற எதுவும் பின்னாலயே வந்துரும். அவன் பெட்டியில வந்தன்னைக்கு வாய்யா வீட்டுக்குன்னு பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்புடலய்யா. நானும் கூப்புடல, எனக்கு நெனவே இல்ல. நீயாச்சும் கூப்புடு."

வாய் வரைக்கும் வந்த கிண்டலை முழுங்கிக்கொண்டு, கூப்பிடுறேன் அத்தே என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. வாடகை இடத்தைத் திறந்து, அந்த உலகத்தை மொத்தமாகக் கட்டி, இறக்கு என்கிற பட்டன்மேல் அம்பை வைத்தேன். அத்தைக்குச் சொன்ன வாக்கு ஞாபகம் வந்தது. ஆளில்லாத வீட்டில் வாய்விட்டுப் பேச எனக்கே வெட்கமாக இருந்தது, இருந்தாலும் கூப்பிட்டேன்.

"ஏலே மாப்ளே, வாடா, வீட்டுக்குப் போவோம்."

கூப்பிட்டுவிட்டுப் பட்டனை அமுக்கினேன். கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

இறங்கி முடிந்ததும் பழைய லேப்டாப்பில் ஏற்றினேன். அதில் விளையாட்டை ஒரு கன்டெய்னருக்குள் வைத்து ஓட்டுவதாகத் திட்டம். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் இல்லை, கம்ப்யூட்டருக்குள் ஒரு பூட்டிய அறை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் விளையாட்டு ஓடும். உலகம் அறைக்கு வெளியே பத்திரமாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல் திறந்துவிட வேண்டும். ஆபீசில் தினமும் செய்கிற வேலை, அன்றைக்கு வாசலைத் திறக்க மறந்துபோனேன். விளையாட்டு அறைக்குள் தேடிப் பார்த்து, உலகம் எதுவும் இல்லையே என்று தானாகவே புதிதாக ஒன்றைப் படைத்துவிட்டது.

நான் என் லேப்டாப்பிலிருந்து உள்ளே போய்ப் பார்க்கிறேன், வெறும் பொட்டல். கண்மாய் இல்லை, வீடு இல்லை, ஒரு மரம்கூட இல்லை. மாப்ளே இரண்டாம் தடவையும் செத்துப்போனான் என்றே நினைத்தேன். அப்புறம்தான் புத்தி வந்து, என் தப்பு இது என்று தெரிந்து, அந்த அறையைத் தூக்கிப்போட்டுவிட்டு, வாசலோடு புதிதாக ஒன்றைக் கிளப்பினேன். அவன் பேரையும் என் பேரையும் தவிர வேறு யாருக்கும் அனுமதி இல்லை என்று பூட்டும் போட்டேன். இதற்குள் மதியம் ஆகிவிட்டது.

சரியாக அப்போது கரண்ட் போனது. எங்கள் பக்கம் அது செய்தியே இல்லை. இன்வெர்ட்டரில் ஃபேனும் இரண்டு லேப்டாப்பையும் இணைக்கிற டப்பாவும் ஓடும். ஆனால் கேபிள்காரரிடம் பேட்டரி கிடையாது, அதனால் கரண்ட் போனால் ஊருக்கே நெட் போய்விடும். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் என் வீட்டுக்குள் இருந்த இரண்டு லேப்டாப்பும் ஒன்றோடொன்று பேசலாம், வெளி உலகத்திலிருந்து ஒரு ஈகூட உள்ளே வர முடியாது. போனில் சிக்னல் ஒரு கோடு வரும் போகும்.

உள்ளே போனேன். கண்மாய் இருந்தது. கரை முட்டத் தண்ணீர், மடை, வீடு, அவன் பாதியில் விட்ட குழி, எல்லாம் அப்படியே. ஜன்னலுக்கு வெளியே கண்கூசுகிற வெயில், திரையில் கருக்கல். கடைசியாக நான் விட்டுவந்தபோது அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அதே நேரத்திலிருந்து ஓட ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் நன்றாக இருட்டிவிட்டது. சரி, படுத்து எழுந்து பகலில் சுற்றிப் பார்ப்போம் என்று வீட்டுக்குள் போய் என் கட்டிலில் படுத்தேன்.

விடியவில்லை.

இருவரில் ஒருவர் தூங்குகிறார்.

நம்பினால் நம்புங்கள். அந்த எழுத்தை நான் வாய்விட்டுப் படித்தேன். முதலில் தோன்றியது, இடம் மாற்றியதில் ஏதோ குளறுபடி. எழுந்து பழைய லேப்டாப்பிடம் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒருவர், என்று என் பேரை மட்டும் சொன்னது. மறுபடியும் கேட்டேன், அதே பதில். நெட் வந்துவிட்டதா என்று பார்த்தேன், டப்பாவில் சிவப்பு விளக்கு. வீட்டைச் சுற்றிக்கூட வந்தேன், எதற்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. கருவேல் மரமெல்லாம் அசையாமல் நின்றது. மயில்கூடக் கத்தவில்லை.

திரும்பி வந்து மறுபடியும் படுத்தேன். இருவரில் ஒருவர். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. நான் கிடக்கிறேன், எழுத்து நிற்கிறது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கண்மாய்த் தண்ணீர் கறுப்பாகக் கிடக்கிறது. நீங்கள் நினைப்பது மாதிரி நான் பயப்படவில்லை. சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷமாக அந்த எழுத்தைப் பார்க்காமல் எவ்வளவு ஏங்கிப் போயிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இந்தா வாரேன் மாப்ளே என்று எங்கேயோ குழி தோண்டிக்கொண்டிருக்கிறான், வரட்டும், நான் காத்திருக்கிறேன். அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ராத்திரி விடியாமலே இருந்திருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொன்னது.

"ஏலே, படுடா."

விடிந்துவிட்டது.

சொல்லி வாயை மூடவில்லை, திரை வெளுத்துக் கண்மாய் மேல் வெயில் விழுந்தது. நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

அப்புறம் ஆபீசில் கூட வேலை பார்க்கிற ஒருத்தனிடம், எனக்கு நடந்தது என்று சொல்லாமல், பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். பழைய ஆள் கணக்கு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும், பூராவும் நிறுத்திவிட்டு ஆரம்பி, போய்விடும் என்றான். நிறுத்திவிட்டு ஆரம்பித்தேன். அறையைத் தூக்கிப்போட்டுப் புதிதாகக் கிளப்பினேன். படுத்தேன். இருவரில் ஒருவர். படுடா என்றேன், விடிந்தது. ஆபீஸ்காரனிடம் சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் அத்தை கடைக்குப் போனேன். போன வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்றுதான் போனேன். அத்தை டீயைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"கொண்டாந்துட்டியாய்யா?"

"கொண்டாந்துட்டேன் அத்தே. பத்திரமா இருக்கு."

"பேரச் சொல்லிக் கூப்புட்டியா?"

கூப்பிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அப்போதுதான் உறைத்தது. நான் அவன் பேரைச் சொல்லவே இல்லை. பிறந்ததிலிருந்து ஒரு நாளும் சொன்னதில்லை, அன்றைக்கும் வாயில் வரவில்லை. மாப்ளே என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் பக்கம் மாப்ளே என்றால் யார் திரும்பிப் பார்க்க மாட்டான்? பஸ் ஸ்டாண்டில் நின்று கூப்பிட்டால் பாதிப் பேர் திரும்புவார்கள். அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூப்புட்டேன் அத்தே," என்றேன்.

அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நாள் வந்து நானும் அவனைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன் என்றார். நெட் சரியில்லை அத்தே, சரியானதும் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். இன்னும் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது இன்னொன்றும் உறைத்தது, அதுதான் இன்றைக்கு வரைக்கும் என்னை உலுக்குகிறது. சந்தோஷத்தில் நான் கவனிக்கவே இல்லை. சொன்னதும் படுத்துவிட்டதே. மாப்ளே என்றைக்குச் சொன்னதும் படுத்தான்? இந்தா வாரேன் என்று எத்தனை குழி தோண்டியிருப்பான்? இது ஒரு தடவைகூட என்னைக் காக்க வைத்ததில்லை. இப்போதெல்லாம் நான் சொல்லக்கூட வேண்டியதில்லை, நான் படுத்து அந்த எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அதுவும் படுத்துவிடுகிறது. எங்கே படுக்கிறது என்றும் தெரியவில்லை, அந்த வீட்டில் இருப்பதே இரண்டு கட்டில், மற்றது எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. அவன் விட்ட குழியும் விட்டபடியே கிடக்கிறது, ஒரு பிடி மண்கூடக் கூடுதலாக வெட்டப்படவில்லை.

அப்படியானால் இப்போதாவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். மூன்றெழுத்துப் பேர், அத்தை கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை கூப்பிட்டால் போதும். எத்தனையோ தடவை லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்திருக்கிறேன். கூப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது மூவரில் ஒருவர் என்று வந்தால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. ஆனால் அதுகூடப் பரவாயில்லை. கூப்பிட்டும் யாரும் வராமல், இருக்கிறதும் எழுந்து போய், நான் படுத்த மறுநொடி தானாக விடிந்துவிட்டால்?

அதனால் கூப்பிடவில்லை. யாரோ இருக்கட்டும். சாயங்காலம் வேலை முடிந்ததும் உள்ளே போகிறேன், இருட்டியதும் படுக்கிறேன், அதுவும் படுக்கிறது.